ஒளியின் ரகசியம் தேடிய வத்திராயிருப்பு கிருஷ்ணன்

சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். வைகைப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் செழிக்கின்றன. அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடி படர்கிறது. கொடிக்காலின் வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் தண்ணீர் நிற்கிறது.

தெளிந்து நிற்கும் அந்தத் தண்ணீரில் ஒரு குச்சியைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். நீர் மட்டத்தில் குச்சி ஒடிந்தது போலத் தெரியும். வெளியே எடுத்தால் நேராக இருக்கும். மறுபடியும் வைத்தால் மறுபடியும் ஒடியும்.

குச்சியில் கோளாறு இல்லை. கண்ணிலும் கோளாறு இல்லை. காற்றில் ஒரு வேகமும் தண்ணீரில் ஒரு வேகமுமாக ஒளி ஓடுகிறது. வேகம் மாறும் இடத்தில் அதன் பாதை மடங்குகிறது. குச்சி ஒடிந்தாற்போல் தெரிவதற்கு அதுவே காரணம்.

ஒரு பொருளுக்குள் நுழைந்த ஒளி அங்கே என்ன செய்கிறது? எப்படி வெளியே வருகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித் தம் இளமையைச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. சோழவந்தானிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மதுரையில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியவர் அவர். பிற்காலத்தில் உலக விஞ்ஞானிகள் போற்றிய சர் கே.எஸ். கிருஷ்ணன்தான் அவர்.

கிராமத்துப் பையன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். முழுப் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

தகப்பனார் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை உள்ளவர். வீட்டில் செல்வத்தைவிடக் கல்விக்குத்தான் மதிப்பு அதிகம். தமிழ் இலக்கியத்தில் சிறுவயதில் ஏற்பட்ட பற்று கிருஷ்ணனை விட்டுக் கடைசிவரை போகவில்லை. உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார்.

பள்ளிப் படிப்பை முடித்தவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். மதுரையில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் முதலில் சோழவந்தானைத் தாண்டித்தான் போக வேண்டும். வயலும் தென்னந்தோப்பும் வைகையும் கடந்து போன அந்தப் பாதைதான் வத்திராயிருப்புப் பையனை வெளியுலகுக்குக் கொண்டு போயிற்று.

படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பிரிவில் உத்தியோகம் கிடைத்தது. மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவது அவர் வேலை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றி மாணவர்கள் கூடிவிடுவார்கள். எந்த விஞ்ஞானச் சந்தேகத்தையும் கேட்கலாம். பாடத்தில் உள்ளதா இல்லாததா என்று அவர் பார்ப்பதில்லை. பொறுமையாக விளக்குவார்.

ஆனால் அவருடைய சொந்தச் சந்தேகங்களுக்கு விடை சொல்ல அங்கே யாரும் இல்லை. 1920ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கடல் ஏன் நீலம்?

அப்போது கல்கத்தாவில் பேராசிரியர் சி.வி. ராமனின் பெயர் ஓங்கியிருந்தது. திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தவர் ராமன். சர்க்காரின் கணக்கு இலாகாவில் இருந்த பெரிய பதவியை விட்டு, 1917இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனவர்.

1921இல் ராமன் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பினார். கடலின் நீல நிறம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது. அதனால்தான் கடல் நீலம் என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளே நம்பி வந்தார்கள்.

ராமன் ஒரு சிறு படிகக் கருவியைக் கண் முன்னே பிடித்துக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்து நிறுத்தும் கருவி அது. வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. ஆனால் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்தார்.

மூலக்கூறு என்பது ஒரு பொருளின் மிகச் சிறிய துணுக்கு. ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடி கோடியாக மூலக்கூறுகள் உண்டு.

கல்கத்தா திரும்பியதும், ஒளி திரவங்களில் எப்படிச் சிதறுகிறது என்ற ஆராய்ச்சியை ராமன் தொடங்கினார். 1923இல் கிருஷ்ணன் அவருடைய ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். ராமனுக்கு வேகம் அதிகம். கிருஷ்ணனுக்கு நிதானம் அதிகம். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒளியின் மேல் உள்ள பித்து.

ஒளியின் வேகம்

அவர்கள் ஆராய்ந்த பொருள் எத்தகையது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஒருவர் கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்குள் பூமியை ஒரு முறைக்கு மேல் சுற்றிவிடும். காற்றிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். தண்ணீருக்குள் அது வினாடிக்குச் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டராகக் குறைகிறது. சாதாரணக் கண்ணாடியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். வைரத்துக்குள் 1 லட்சத்து 24 ஆயிரம் கிலோமீட்டர்தான்.

இந்த வேகக் குறைவால்தான் கிணறும் குளமும் உள்ளதைவிட ஆழம் குறைவாகத் தெரிகின்றன. எட்டு அடித் தண்ணீர், நேர் மேலிருந்து பார்த்தால் ஆறு அடியாகத் தெரியும். நீச்சல் தெரியாத பிள்ளைகள் கண்ணை நம்பித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதற்கு விஞ்ஞானமே சாட்சி.

தண்ணீரில் ஒளியின் வேகம் கூடுமா குறையுமா என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்காக இருந்தது. ஒளி என்பது துகள்களின் ஓட்டம், தண்ணீரில் அதன் வேகம் கூடும் என்றார் நியூட்டன். ஒளி ஓர் அலை, தண்ணீரில் அதன் வேகம் குறையும் என்றார் ஹைகன்ஸ். 1850இல் பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்பவர், படுவேகமாகச் சுழலும் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு சோதித்தார். தண்ணீரில் வேகம் குறைகிறது என்று தெரிந்தது.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் சங்கதி என்ன? சுவரில் எறிந்த ரப்பர் பந்து வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பிறகு திரும்பி வருகிறது. ஒளி அப்படி இல்லை. அது நிற்பதும் இல்லை, மறுபடி புறப்பட்டு வேகம் பிடிப்பதும் இல்லை. காற்றின் வழியே என்ன வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில் காற்றின் வழியே திரும்புகிறது. ஜன்னல் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் திரும்புகிறது. மீதி உள்ளே போகிறது. உள்ளே போன ஒளி வேகம் குறைந்து ஓடுகிறது. மறுபக்கம் வெளியே வந்ததும் பழைய வேகம் திரும்பிவிடுகிறது. அதை யாரும் பின்னாலிருந்து தள்ளுவதில்லை.

ஊஞ்சல் ஆட்டம்

இது எப்படி நடக்கிறது?

ஒரு தோப்பில் வரிசையாக ஊஞ்சல்கள் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பொருளில் உள்ள எலக்ட்ரான்கள் அந்த ஊஞ்சல்கள் மாதிரி. ஒளி அலை வந்து அவற்றை ஆட்டுகிறது. ஆடும் ஒவ்வொரு எலக்ட்ரானும் தானும் ஒரு சிறு ஒளி அலையைக் கிளப்புகிறது. ஆட்டத்துக்குக் கொஞ்சம் பின்தங்கிக் கிளம்பும் அலை அது.

வந்த அலையும் பின்தங்கிய சிற்றலைகளும் ஒன்று சேர்கின்றன. சேர்ந்த அலை கொஞ்சம் தாமதமாகவே முன்னே போகிறது. அதைத்தான் பொருளுக்குள் ஒளியின் வேகம் குறைகிறது என்கிறோம். பின்பக்கமாகச் சேரும் சிற்றலைகள்தாம் பிரதிபலிப்பு. வெளியே வந்துவிட்டால் ஆட்டுவதற்கு ஊஞ்சல் இல்லை. அதனால் தாமதமும் இல்லை.

சிற்றலைகள் எல்லாம் ஒழுங்காக ஒன்று சேர்ந்துவிடுவதில்லை. மிகச் சிறிய பங்கு பக்கவாட்டில் சிதறிப் போகிறது. கடலுக்கு நீலம் தருவதில் அதற்கும் பங்கு உண்டு. கிருஷ்ணன் ஆராய்ந்தது அந்தச் சிதறிய ஒளியைத்தான்.

கைக்கு எட்டியது

வேலை எளிதாக இல்லை. திரவத்தில் ஒரு தூசி இருந்தாலும் அதுவே ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். திரவத்தை ஆவியாக்கி, குளிரவைத்து, மறுபடியும் ஆவியாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பொறுமையே வேலை. இப்படி 60க்கும் மேற்பட்ட திரவங்களை ஆராய்ந்து கிருஷ்ணன் 1925இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அந்த ஆராய்ச்சியின்போது ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. உள்ளே அனுப்பிய ஒளியின் நிறம் ஒன்று. சில திரவங்களில் சிதறி வந்த ஒளியிலோ வேறு நிறத்தின் சாயல் மங்கலாகத் தெரிந்தது. அவருக்கு முன்பே 1923இல், ராமனின் மற்றொரு மாணவரான கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் இதைப் பார்த்திருந்தார். திரவத்தில் கலந்த அழுக்கு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

இருந்தாலும் அதை யாரும் விடாமல் பின்தொடரவில்லை. பலவீனமான ஒளிர்வு என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டார்கள். உலகையே வியக்க வைக்கப் போகும் ஒன்று கிருஷ்ணனின் கைக்கு எட்டி, கைநழுவிப் போயிற்று. அதன் பின் அவர் கணக்கும் கோட்பாடுமாக வேறு பக்கம் திரும்பினார். மூன்று ஆண்டுகள் ஓடின.

1928 பிப்ரவரி

1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் என்ற ஆராய்ச்சியாளர் கிளிசரினில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சிதறி வந்த ஒளி நீலமாக இல்லை, பச்சையாக இருந்தது. ராமன் விழித்துக்கொண்டார். கணக்கிலேயே மூழ்கியிருந்த கிருஷ்ணனை மறுபடியும் சோதனைக்கு வரச் சொன்னார். கைவேலையை மறந்த விஞ்ஞானி வளர மாட்டான் என்பது ராமனின் கொள்கை. பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் இருட்டறைக்குள் நுழைந்தார்.

கருவிகள் எளியவை. சூரிய ஒளியைக் குவிக்க ஒரு தொலைநோக்கி. இரண்டு வண்ணக் கண்ணாடிகள். பார்ப்பதற்கு மனிதக் கண்.

முதல் கண்ணாடி நீலத்தையும் ஊதாவையும் மட்டும் உள்ளே விடும். இரண்டாவது கண்ணாடி அந்த நிறங்களை அறவே தடுத்துவிடும். முதல் கண்ணாடி வழியே வந்த ஒளி திரவத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது கண்ணாடியைக் கண் முன்னே பிடித்தார் கிருஷ்ணன். ஒளியின் நிறம் மாறவில்லை என்றால் எதுவும் தெரியக் கூடாது. ஒரே இருட்டாக இருக்க வேண்டும்.

ஆனால் தெரிந்தது! திரவத்துக்குள் ஒளியின் தடம் மங்கலாக மின்னிற்று. ஒரு திரவத்தில் அல்ல, பார்த்த திரவங்களில் எல்லாம். அழுக்கு என்று இனிமேல் சொல்ல முடியாது.

அந்த நாட்களில் நடந்ததைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரி 7ஆம் தேதி ராமனும் தம் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொண்டார். அன்று இரவு சாப்பாடு முடிந்து, சுமார் ஒன்பது மணிக்குக் கிருஷ்ணனின் வீட்டு வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. கீழே இறங்கி வந்து பார்த்தால், ராமன் நிற்கிறார்! அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாங்கள் கண்டது ஒளிக்கும் மூலக்கூறுக்கும் இடையே நடக்கும் புதிய விளைவு என்பதைச் சொல்ல அந்த நேரத்தில் ஓடி வந்திருந்தார்.

அவர்கள் கண்டது இதுதான். சிதறும்போது ஒளியின் ஒரு மிகச் சிறிய பங்கு தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆற்றலை இழந்த பந்து மெதுவாகப் போகும். ஒளி அப்படிப் போவதில்லை. வெளியே வந்ததும் அதன் வேகம் பழைய வேகமே. மாறுவது நிறம்தான். எவ்வளவு மாறிற்று என்று அளந்தால் அது எந்த மூலக்கூறு என்று கண்டுபிடித்துவிடலாம்.

ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் பிப்ரவரி 16ஆம் தேதி இட்ட குறிப்பு லண்டன் நேச்சர் பத்திரிகைக்குப் போயிற்று. மார்ச் 31ஆம் தேதி இதழில் அது வெளிவந்தது. இதற்குள் பிப்ரவரி 28ஆம் தேதி, நிறமாலைக் கருவி வழியே விளைவு தெளிவாகப் பார்க்கப்பட்டது. அந்த நாளைத்தான் 1987 முதல் இந்தியா தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடி வருகிறது.

பரிசு ஒருவருக்கு

1930இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு ராமன் ஒருவருக்குக் கிடைத்தது. உலகம் அதை ராமன் விளைவு என்று அழைக்கிறது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் இன்றும் பேசுகிறார்கள்.

ராமன் அதை மறைக்கவில்லை. 1928 மார்ச் மாதம் பெங்களூரில் கண்டுபிடிப்பை விளக்கிப் பேசியபோது கிருஷ்ணனின் உதவிக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னார். கேள்வியைக் கேட்டவர் ராமன், ஆராய்ச்சியை நடத்திச் சென்றவரும் அவர். இருட்டறையில் திரவத்துக்குப் பின் திரவமாகக் கண் வலிக்கப் பார்த்தவர் கிருஷ்ணன்.

கிருஷ்ணன் என்ன செய்தார்? தமக்கும் பங்கு வேண்டும் என்று அவர் கொடி பிடிக்கவில்லை. 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்றுப் போனார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இடம் அது. அங்கே தமக்கென்று ஒரு புதிய பாதையை வகுத்துக்கொண்டார்.

அந்துருண்டைப் படிகம்

சில படிகங்களின் வழியே ஒரு எழுத்தைப் பார்த்தால் இரண்டாகத் தெரியும். ஐஸ்லாந்து கல் என்பது அத்தகைய ஒன்று. அதற்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கதிரின் வேகம் வினாடிக்குச் சுமார் 1 லட்சத்து 81 ஆயிரம் கிலோமீட்டர். மற்றதன் வேகம் திசைக்கு ஏற்ப மாறி, சுமார் 2 லட்சத்து 2 ஆயிரம் கிலோமீட்டர் வரை போகும்.

ஒரே பொருளில் இரண்டு வேகம் ஏன்? படிகத்துக்குள் அணுக்களும் மூலக்கூறுகளும் ஒரு திசையில் ஒரு மாதிரியும் வேறு திசையில் வேறு மாதிரியும் அமைந்திருக்கின்றன. ஊஞ்சல் ஒரு பக்கம் எளிதாகவும் ஒரு பக்கம் கடினமாகவும் ஆடுகிறது. ஒளியின் வேகமும் அதற்கேற்ப மாறுகிறது.

காந்த சக்திக்கும் படிகங்கள் இப்படித் திசைக்குத் திசை வேறுபடுகின்றன. கிருஷ்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். படிகம் திரும்பும் விதத்தை அளந்தார். அதிலிருந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொன்னார்.

நாம் துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டை நாஃப்தலீன் என்ற பொருளால் ஆனது. அதன் படிகமும் கிருஷ்ணனின் இழையில் தொங்கியது. இந்த முறையை மேல்நாட்டு விஞ்ஞானிகளும் போற்றினார்கள். 1933இல் கிருஷ்ணன் பேராசிரியராகக் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1946இல் சர் பட்டம் வந்தது.

மீட்டர் கோலும் ஒளியும்

1947இல் புதுடில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிருஷ்ணன் முதல் டைரக்டர் ஆனார். நாட்டின் அளவைகளுக்கு ஆதாரமான இடம் அது. படியும் மரக்காலும் சேரும் பலமும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. மீட்டரும் கிலோவும் நாட்டின் கடைவீதிகளுக்கு வந்தன.

அன்று மீட்டருக்கு ஆதாரம் ஓர் உலோகக் கோல். 1960இல் அந்தக் கோல் கைவிடப்பட்டது. 1983 முதல், ஒரு வினாடியை 29,97,92,458 பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி போகும் தூரமே ஒரு மீட்டர் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மதுரை ஜவுளிக் கடையில் துணி அளக்கும் கோலுக்கும் இன்று ஒளியின் வேகமே அடிப்படை.

இந்த மாற்றத்தைக் கிருஷ்ணன் பார்க்கவில்லை. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசும் பெற்ற அவர், 1961 ஜூன் மாதம் காலமானார். வயது 62.

இன்று ராமன் விளைவு ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. மருந்து அசலா போலியா என்று உறையைப் பிரிக்காமலே சொல்லும் கருவிகள் அதைக் கொண்டு இயங்குகின்றன. அன்று அழுக்கு என்று ஒதுக்கப் பார்த்த அந்த மங்கிய ஒளிதான் இன்று இப்படிப் பயன்படுகிறது.

உங்கள் வீட்டில் ஒரு சோதனை

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஒரு பித்தளை அல்லது எவர்சில்வர் கிண்ணத்தை எடுங்கள். அடியில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும் வரை பிள்ளையை மெல்லப் பின்னால் நகரச் சொல்லுங்கள். இப்போது நாணயம் தெரியாது. பிள்ளை அசையாமல் நிற்க, நீங்கள் கிண்ணத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மறைந்த நாணயம் எழும்பி வந்தது போலக் கண்ணுக்குத் தெரியும்.

ஏன் என்று பிள்ளை கேட்கும். அப்படித்தான் கேட்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள். ஒரு முறை கைநழுவ விட்டதை மறுபடி பார்க்கத் தயங்காத வத்திராயிருப்பு கிருஷ்ணனின் கதையையும் சொல்லுங்கள்.